அக்கா என்று அழைக்கப்பட்ட பிறகு

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தின் குறுகலான தெரு ஒன்றில், தகரக் கூரை போட்ட வீட்டின் முன்னறையில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் முழுவதும் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மனநல அமைப்பின் தோழமைப் பணியாளர் ஒருவர், தம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வசிக்கும் ஒரு பெண்ணைப் பார்க்க வந்திருந்தார். அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனிப்பது என் வேலை. அதற்கு அந்தப் பெண்ணிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். அவளுக்கு 22 வயது. கல்யாணமாகி ஓராண்டு கழித்து மனச்சோர்வு வந்து, தூக்கமும் பசியும் போய், மருத்துவமனைக்குச் சென்று மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்தாள். எங்கள் பணியாளருக்கு 41 வயது. அவரும் அதே இருட்டைக் கடந்து வந்தவர்.

முதல் பத்து நிமிடங்கள், நான் பார்த்த மிக நல்ல சந்திப்புகளில் ஒன்று என்று சொல்வேன். பணியாளர் அவசரப்படவில்லை. பெண் நிறுத்திய இடத்தில் தானும் நிறுத்தினார். பிறகு அந்தப் பெண், "அக்கா, நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அறையில் எல்லாம் மாறிவிட்டது. பணியாளரின் முதுகு நிமிர்ந்தது, குரல் தடித்தது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்திரு, தலைக்குக் குளி, மாத்திரையை ஒரு வேளையும் விடாதே, மாமியார் பேசினால் காதில் வாங்காதே, செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வா என்று கால்மணி நேரம் அடுக்கினார். அத்தனையும் பாசத்தோடு சொன்னவை. பெண் ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா" என்றாள். அடுத்த வாரம் அவள் கதவைத் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் திறக்கவில்லை. சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாததால் அக்காவின் முகத்தில் விழிக்கப் பயந்துவிட்டாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு மனநல அமைப்பில் பயிற்சிக்கும் தரத்துக்கும் நான் பொறுப்பு. மனநோயை அனுபவித்து மீண்டவர்கள், அல்லது அதோடு வாழக் கற்றுக்கொண்டவர்கள், இப்போது அதே துன்பத்தில் இருக்கும் இன்னொருவருக்குத் துணை நிற்பதைத்தான் தோழமை ஆதரவு என்று எழுதுகிறோம். அலுவலகப் பேச்சில் அது 'பியர் சப்போர்ட்', பணியாளர்கள் 'பியர்கள்'. 'பியர்' என்றால் நிகரானவர் என்று பொருள். அன்றைய ஸ்ரீராமபுரத்துப் பிற்பகலுக்குப் பிறகு, என் வேலை முழுவதும் அந்த ஒரு பொருளைக் காவல் காப்பதுதான் என்று புரிந்தது. பயிற்சி, சான்றிதழ், மதிப்பெண், அடையாள அட்டை, ஏன், பாசம்கூட, பணியாளரை ஒரு படி மேலே ஏற்றிவிடும். ஏறிய மறுகணம் அவர் தோழர் அல்ல; சம்பளம் குறைந்த, படிப்பும் குறைந்த இன்னொரு ஆலோசகர். அந்த வேலைக்கு அவரைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

இது புதிதாக முளைத்த யோசனை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்த ஜான்-பாப்டிஸ்ட் புசான், குணமாகிவந்த நோயாளிகளையே பணியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் மற்ற நோயாளிகளைக் கொடுமைப்படுத்த மாட்டார்கள் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. நம் நாட்டில், குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகளில் மனநல சேவையின் தரத்தையும் நோயாளிகளின் உரிமைகளையும் மேம்படுத்துவதற்கான உலக சுகாதார நிறுவனத்தின் 'குவாலிட்டி ரைட்ஸ்' திட்டம் நடந்தபோது தோழமை ஆதரவுத் தொண்டர்கள் பயிற்சி பெற்றுப் பணியாற்றினார்கள். அதே நிறுவனம் 2019இல் தனி ஒருவருக்கு இன்னொருவர் தோழமை ஆதரவு தருவதற்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. தேவை எவ்வளவு என்பதைச் சொல்ல எங்கள் ஊரிலேயே கணக்கு இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், அதாவது 10.6 சதவீதம் பேர், அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு இருந்தார்கள். கோளாறின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சை கிடைக்காதவர்கள். நிம்ஹான்ஸ் இருக்கும் ஓசூர் சாலையிலிருந்து ஸ்ரீராமபுரம் வெகுதூரம் இல்லை. ஆனால் "நிம்ஹான்ஸ் கேஸ்" என்பது இந்த ஊரில் ஒரு வசவு. சென்னையில் கீழ்ப்பாக்கத்தின் பெயர் பட்ட பாடு இங்கே நிம்ஹான்ஸின் பெயருக்கு நேர்ந்திருக்கிறது. அந்த வாசலைத் தாண்டிப் போய்வந்த ஒருவர் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து, "நானும் அந்த வரிசையில நின்னவதாங்க" என்று சொல்வதற்கு ஈடாக எந்தத் துண்டறிக்கையும் இல்லை.

மீண்டும் 'அக்கா'வுக்கு வருகிறேன். இதில்தான் நாங்கள் அதிக காலம் தடுமாறினோம். வெளிநாட்டுப் பயிற்சிக் கையேடுகள் சமநிலையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ஆனால் அவை, இரண்டு பேர் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் ஊர்களில் எழுதப்பட்டவை. தமிழில் இரண்டு அந்நியர்கள் சந்தித்த அரை நிமிடத்துக்குள் யார் மூத்தவர், யார் இளையவர் என்பது முடிவாகிவிடுகிறது. அண்ணன் என்றால் தம்பி உண்டு, அக்கா என்றால் தங்கை உண்டு, அம்மா என்றால் பிள்ளை உண்டு. நீ, நீங்க என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. அறிவுரை சொல்வது அக்காவின் கடமை. சொல்லாவிட்டால் அக்கறை இல்லாதவள் என்றுதான் பெயர். கேட்டு நடப்பது தங்கையின் கடமை. எங்கள் பணியாளர் அன்று தவறான ஒன்றைச் செய்யவில்லை. அழைக்கப்பட்ட உறவுக்கு உண்மையாக நடந்துகொண்டார், அவ்வளவுதான்.

முதலில் அந்தச் சொல்லையே விலக்கிப் பார்த்தோம். பெயர் சொல்லி அழைக்கச் சொன்னோம். முப்பது வயது மூத்தவரைப் பெயர் சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை, எழுந்தபோதும் அது மரியாதைக் குறைவாகவே ஒலித்தது. 'மேடம்', 'சார்' என்றால் இன்னும் மோசம், தாசில்தார் அலுவலகத்து வாசனை வந்துவிடுகிறது. எங்கள் கன்னடப் பணியாளர்களிடம் கேட்டால் அங்கேயும் அக்கா அக்காதான். உருது பேசும் வீடுகளில் ஆபா, பாஜி. ஆகவே சொல்லை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் வேலைகளைப் பிரித்துப் பார்த்தோம். அக்கா என்பவள் இரண்டு காரியம் செய்கிறாள். ஒன்று, பக்கத்தில் இருக்கிறாள். இன்னொன்று, வழி சொல்கிறாள். முதலாவதை முழுமையாக வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கையில் எடுக்காமல் இருக்க முடியுமா என்பதே பயிற்சியின் மூன்றாம் நாள் முழுவதும் நாங்கள் செய்து பார்ப்பது.

அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி மிக எளியது. பணியாளர்கள் இருவர் இருவராக உட்கார்கிறார்கள். ஒருவர் தம் உண்மையான சிக்கல் ஒன்றை, பெரியதாக இருக்க வேண்டியதில்லை, சொல்லி முடித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?" என்று கேட்க வேண்டும். மற்றவர் பதில் சொல்லாமல், ஆனால் கேள்வியைத் தட்டிக்கழிக்காமலும், ஐந்து நிமிடம் உடன் இருக்க வேண்டும். ஆலோசகர் பாணியில் "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேள்வியைத் திருப்பி வீசினால் எதிரில் இருப்பவர் உடனே சுருங்கிப்போகிறார், கேட்டது கிடைக்கவில்லை என்பதோடு, கேட்டதே தப்போ என்ற கூச்சமும் வந்துவிடுகிறது. "எனக்கும் தெரியலம்மா. எனக்கு அந்த நேரத்துல யார் என்ன சொன்னாலும் தலையில ஏறல. நீ இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பாத்த, சொல்லு" என்று பேசும்போது ஏதோ ஒன்று திறக்கிறது. இப்படி ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர ஒருவருக்கு அரை நாள் ஆகிறது. சிலருக்கு ஆறு மாதம் ஆகிறது.

சொந்தக் கதையைச் சொல்வதிலும் இதே சரிவு உண்டு. தோழமைப் பணியாளரின் கையில் இருக்கும் ஒரே கருவி அவர் பட்ட அனுபவம்தான்; அதைப் பேசக் கூடாது என்று தடுத்தால் அவரை அனுப்புவதற்கே காரணமில்லை. ஆனால் ஒருவர் தம் கதையைத் தொடங்கினால் அது தன் வேகத்தில் ஓடும். எத்தனையோ ஆண்டுகள் யாரும் கேட்காத கதை அல்லவா. இருபது நிமிடம் கழித்து, எதிரே இருப்பவர் இவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே ஒவ்வொருவரும் தம் கதையை மூன்று அளவுகளில் தயாரித்துக்கொள்ளச் சொல்கிறோம்: ஒரே மூச்சில் சொல்வது, இரண்டு நிமிடத்தில் சொல்வது, முழுதாகச் சொல்வது. முழுக் கதை பயிற்சி அறைக்குள் மட்டும், ஒரே ஒரு முறை. வீடுகளில் பெரும்பாலும் ஒரு மூச்சுக் கதையே போதுமானதாக இருக்கிறது. "எனக்கும் ரெண்டு வருஷம் சமையல்கட்டுக்குள்ள போகவே பயமா இருந்துச்சு" என்பது ஒரு முழுக் கதை. அதற்கு மேல் வேண்டுமென்றால் அவர்கள் கேட்பார்கள்.

இனி, எழுதக் கடினமான ஒன்றை எழுதுகிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதை எப்படிப் பழக்குவது? கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் எல்லோருக்கும் இருக்கிறது; அது உண்மையல்ல, நேராகக் கேட்பது பெரும்பாலும் நெஞ்சின் பாரத்தை இறக்குகிறது என்பதை முதலில் விளக்குகிறோம். விளக்கம் புரிந்துவிடும். வாய்தான் வராது. எங்கள் முதல் குழுவில் இருந்த அனைவரும், ஒருவர் பாக்கியில்லாமல், "தப்பா ஏதும் யோசிக்கலையே?" என்றே கேட்டார்கள். இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். 'தப்பா' என்ற முதல் சொல்லே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. 'யோசிக்கலையே' என்ற கடைசிச் சொல், 'இல்லை' என்ற பதிலைக் கெஞ்சி வாங்கிக்கொள்கிறது. நடுவில் எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பது வரவே இல்லை. 'விபரீத முடிவு', 'தவறான முடிவு' என்று நாளிதழ்கள் பல காலமாக எழுதி எழுதி, நம் எல்லோருக்கும் அந்தப் பூச்சு வழக்கமாகிவிட்டது. மறுபுறம், "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் உள்ளதா?" என்ற மொழிபெயர்ப்பு வாக்கியத்தை ஒருவர் சத்தமாகப் படித்தபோது, காவல் நிலையத்தில் எழுதி வாங்குவதுபோல் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கடைசியில் அவர்களே உருவாக்கிய வாக்கியம் இது: "இவ்ளோ கஷ்டத்துல, செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" தோன்றுவது மனிதருக்கு இயல்பு என்பது இதில் இருக்கிறது, தீர்ப்பு இல்லை, சாவு என்ற சொல் இருக்கிறது. இதை ஒருவரையொருவர் முகம் பார்த்துச் சொல்லிப் பழக ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குகிறோம். முதல் முறை அப்படிப் பழகியபோது இரண்டு பேர் அழுதார்கள். தங்களிடம் அந்தக் காலத்தில் ஒருவராவது இப்படிக் கேட்டிருக்கக் கூடாதா என்பதே அந்த அழுகை. 'ஆமாம்' என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதில் மட்டும் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை: தனியே விட்டுவிட்டு வரக் கூடாது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, அப்போதே மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அந்த வீட்டின் கைபேசியிலேயே பதிந்து வைக்க வேண்டும். அதில் தமிழிலும் பேசலாம், எந்த நேரத்திலும் பேசலாம். அடுத்து வீட்டார் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "போலீஸ் கேஸ் ஆயிடுமா?" 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 115ஆம் பிரிவில் சொல்கிறது. இதை மனப்பாடமாக, வீட்டு மொழியில் சொல்லத் தெரியாத யாரையும் நான் வெளியே அனுப்புவதில்லை.

அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. உரிமைகள் பற்றிய வகுப்பை ஏர்வாடியில் தொடங்குகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எங்கள் பணியாளர்களில் வயதான சிலருக்கு அது செய்தி அல்ல. அப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் நினைவு. அந்த வகுப்பை நான் எடுப்பதில்லை. அவர்கள் எடுக்கிறார்கள்.

தரத்தைப் பற்றி எழுதும்போது நான் செய்த பிழையையும் எழுத வேண்டும். பொறுப்பேற்ற முதல் ஆண்டில், 34 கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை நானே தயாரித்தேன். சந்திப்பின் நோக்கத்தைத் தொடக்கத்தில் சொன்னாரா, இலக்கு நிர்ணயித்தாரா, இறுதியில் தொகுத்துரைத்தாரா, 24 மணி நேரத்துக்குள் குறிப்பு எழுதினாரா என்று நீண்ட பட்டியல் அது. நிதி தருபவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அந்தப் படிவத்தின்படி மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர், மர்ஃபி டவுனில் வசிக்கும் ஓர் எலெக்ட்ரீஷியன். மனச்சிதைவு நோயோடு இருபது ஆண்டுகளாக வாழ்பவர். நாற்பது நிமிடச் சந்திப்பில் அவர் பேசியது ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். நோக்கம் சொல்லவில்லை, இலக்கு இல்லை, தொகுப்புரை இல்லை. மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர் 34 கேள்விகளுக்கும் டிக் விழும்படி சரளமாகப் பேசிய ஓர் இளைஞர். ஆனால் "அவரை மறுபடி அனுப்புங்க" என்று யாரைக் கேட்டு அழைப்புகள் வந்தன என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, எலெக்ட்ரீஷியன் பெயர்தான் திரும்பத் திரும்ப இருந்தது. அவரிடம் மதிப்பெண்ணைக் காட்டியபோது அவர் கோபிக்கவில்லை. "உங்க பேப்பரைப் பாத்துக்கிட்டே பேசினா அவங்க மூஞ்சியப் பாக்க முடியலீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த இரண்டு மாதங்களுக்கு அவர் புதிய ஆட்களை ஏற்றுக்கொள்ளவில்லை. தமக்குத் தகுதி இல்லை என்று நினைத்துவிட்டார். நோய் அவரிடம் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததையே என் படிவமும் சொல்லியிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது.

அதற்காக அளவீடே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நல்ல மனமுள்ளவர்களால் கெடுதல் நேராது என்று நம்புவதற்கு இந்தத் துறையில் இடமே இல்லை. எங்கள் பணியாளர் ஒருவர், தமக்கு மாத்திரையை நிறுத்தியும் நன்றாக இருப்பதை உண்மையாகவே நம்பி இன்னொருவரிடம் சொன்னார். கேட்டவர் தம் மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சொன்னவரிடம் துளிக்கூடத் தீய எண்ணம் இல்லை. ஆகவே, நாங்கள் படிவத்தைக் கிழித்துப்போட்ட பிறகு, கெடுதலை முதலில் பார்க்கும் முறை ஒன்றைத் தேடினோம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து நடத்தும், மனநல உதவி தருபவர்களின் திறனை மதிப்பிட்டு வளர்ப்பதற்கான 'ஈக்விப்' திட்டத்தில் அப்படி ஒரு முறை கிடைத்தது. ஒருவர் துன்பத்தில் இருப்பவராக நடிக்க, பணியாளர் அவரோடு பேச, பார்ப்பவர்கள் ஒவ்வொரு திறனையும் நான்கு படிகளில் மதிப்பிடுகிறார்கள். முதல் படி, தீங்கு செய்யக்கூடிய நடத்தை. மூன்றாம் படி, அடிப்படைத் திறன்கள் அனைத்தும் உள்ள நிலை. நான்காவது அதற்கும் மேல். யாரும் நூற்றுக்கு எத்தனை என்று கேட்பதில்லை. முதல் படியில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

அந்த முதல் படியில் தமிழில் எவை விழுகின்றன என்று நாங்கள் தொகுத்து வருகிறோம். "உங்களவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்க" என்பது முதலிடத்தில் இருக்கிறது. "தைரியமா இருங்க" என்பது பெரிய விவாதத்துக்குப் பிறகு சேர்ந்தது. தைரியம் இல்லாததால்தான் இந்த நோய் வந்தது என்று ஊரே சொல்லிவரும்போது, அதையே நாமும் சொல்கிறோமே என்பது பணியாளர்களின் வாதம். "பிள்ளைங்க முகத்தப் பாத்தாவது..." என்று தொடங்கும் எதுவும் அதில் உண்டு. தாய்மார்களுக்கு அந்த வாக்கியம் எப்படிக் குத்தும் என்று அதைக் கேட்டு வாழ்ந்தவர்கள் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

மருந்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்று சில அமைப்புகளில் விதி இருக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. எனக்கு, மிகையான எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதற்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க, கடைசியாக மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் அது தெரியாமல், பரிசோதனை நாள் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய், அளவு தவறாக வந்து, அலைந்திருக்கிறேன். "எனக்கு அப்படி ஆச்சு. நீங்க போறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்று ஒரு பணியாளர் சொன்னால் அதில் என்ன கெடுதல்? "நீங்க காலையில மாத்திரை போடாதீங்க" என்று அவர் சொன்னால்தான் கெடுதல். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள தூரத்தை நடந்து காட்டுவது, ஒரு தடை உத்தரவை எழுதி ஒட்டுவதைவிட அதிக நேரம் பிடிக்கும் வேலை.

ரகசியம் காப்பதைப் பற்றி எங்கள் பகுதிகளுக்கென்று ஒரே ஒரு விதியைச் சேர்த்திருக்கிறோம். பணியாளரும் அவர் பார்க்கும் நபரும் ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசையில் நிற்பவர்கள். ஆகவே தெருவில் எதிர்ப்பட்டால் பணியாளர் முதலில் சிரிக்கக் கூடாது. அவர் சிரித்தால் இவர் சிரிக்கலாம். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அலட்சியம் என்று தோன்றும்.

மேற்பார்வைக் கூட்டம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அங்கே முதல் அரை மணி நேரம் யாரும் தாங்கள் பார்க்கும் ஆட்களைப் பற்றிப் பேசக் கூடாது; தம்மைப் பற்றித்தான். பணியாளர்களுக்கு நோய் திரும்ப வரும். வந்தால் அது அவர்களின் தோல்வியும் அல்ல, எங்கள் தேர்வின் பிழையும் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மனநோயையும் உள்ளடக்கியது. வேலையைச் செய்வதற்கு ஏற்ற நியாயமான வசதிகளைக் கேட்பது அவர்களின் உரிமை. ஒவ்வொருவரும், தமக்கு நோய் திரும்புவதன் அறிகுறிகள் என்ன, அப்போது யார் தம்மிடம் வந்து சொல்ல வேண்டும் என்று நலமாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நள்ளிரவுக்குப் பிறகு நீண்ட நீண்ட செய்திகள் அனுப்பத் தொடங்கினால் கவனியுங்கள் என்பது என் தாளில் உள்ள முதல் வரி. சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, எங்கள் குழுவிலேயே மிக இளையவர் என் மேசை அருகே வந்து, "அக்கா, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஏழு மெசேஜ் வந்துச்சு. நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பத்து நாள் விடுப்பு எடுத்தேன், மருத்துவரைப் பார்த்தேன். அவர் அக்கா என்று அழைத்துக்கொண்டே அதைச் சொல்ல முடிந்ததே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

இப்போது தரத்தை அளக்க எங்களிடம் இருப்பது நடிப்புப் பயிற்சி மதிப்பீடும், மேற்பார்வைக் குறிப்புகளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆதரவு பெற்றவர்களை வேறொருவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் சில கேள்விகளும்தான். அந்தக் கேள்விகளில் ஒன்றை நான்கு முறை மாற்றி எழுதினோம். "அவர் உங்களைச் சமமாக நடத்தினாரா?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா நடத்தினாருங்க" என்றார்கள், அந்தப் பதிலில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில், "அவரோட இருக்கும்போது நீங்க என்னென்ன பண்ணுவீங்க?" என்று வைத்தோம்.

மர்ஃபி டவுனில் ஒருவர், எலெக்ட்ரீஷியன் எட்டு மாதமாகப் பார்த்துவருபவர், இதற்குப் பதிலாக, "மார்க்கெட் வரைக்கும் நடப்போம். டீ குடிப்போம். ஒரு வாரம் அவர் காசு, ஒரு வாரம் என் காசு" என்று சொன்னதாகக் குறிப்பு வந்தது. எங்கள் நடத்தை விதிகளில் எட்டாவது, ஆதரவு பெறுபவரிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது. விதிப்படி எலெக்ட்ரீஷியனிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். குறிப்பை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். தொடக்கத்தில் எல்லா வாரமும் தாமே காசு கொடுத்ததாகவும், நான்காம் மாதத்தில் ஒரு நாள் அந்த மனிதர் சட்டைப்பையில் கையை விட்டு, பதினைந்து ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தபோது, தம்மால் தடுக்க முடியவில்லை என்றும் அவர் சொன்னார். அவ்வளவு நாளாக அவர் கையில் வீட்டார் காசே கொடுத்ததில்லையாம்; அன்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாராம்.

எட்டாவது விதியை இந்த மாதம் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். பணம், நகை, துணி, கடன் ஆகியவற்றுக்கான தடை அப்படியே இருக்கும். டீ பற்றிய வரியை எலெக்ட்ரீஷியனையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன்.